மெழுகுக் கால்

சோதனைச் சாவடியில்
பையில் என்ன என்று கேட்டான் காவலன்.
"கால்" என்றாள் லூக்கியா.
அவன் சிரிக்கவில்லை.
ஆகஸ்டில் அந்த வழியாக
தினம் நாலைந்து கால் போகும்,
ஒரு கை, ஒரு காது,
சில சமயம் கைக்குழந்தைகூட,
எல்லாம் மெழுகு.
அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து
போ என்று கையசைத்தான்.

என் டாக்சிக்கு இருபத்தோரு வயது.
குளிரூட்டி போன வருஷமே காலமாகிவிட்டது.
முன்னால் அவள். பின்னிருக்கையில்
பருத்தித் துணி சுற்றி, பெல்ட்டும் மாட்டி,
தம்பி கிறிசாந்தோஸின் வலது கால்.
லார்னகா துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து
ஆறு மாதமாகப் படுக்கை.
என் கிரேக்கம் அரைகுறை,
அவள் துருக்கியம் அதிலும் கால்வாசி.
மிச்சத்தைக் கடல் பேசியது.

சலாமிஸ் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.
தலையில்லாத சலவைக்கல் சிலைகளை
எல்லோரும் தலை இல்லையே என்றுதான்
படமெடுக்கிறார்கள்.
இவள் குனிந்து விரல்களை எண்ணினாள்.
"தலை போயும் நிற்கிறார்கள், பார்" என்றாள்,
"கால் இருக்கிறதால்."
அப்பால், கூரையைத் தொலைத்த கல்தூண்கள்
வெயிலை மட்டும் தாங்கிக்கொண்டு
வரிசையில் நின்றன.
எனக்குப் பசித்தது. சொல்லவில்லை.

பிறகு சிபாஹி கிராமம்.
இடிந்த தேவாலயத்தின் தரை மட்டும் மிச்சம்,
அதன்மேல் தூசு.
என் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தேன்.
நனைந்த இடத்தில் மட்டும்
சின்னச் சின்னக் கற்களாலான செருப்புகள்
மெல்ல மேலே வந்தன.
வார் தெரிந்தது. விரலிடுக்கு தெரிந்தது.
உள்ளே போனவர் ஆயிரத்தைந்நூறு வருஷமாக
இன்னும் வெளியே வரவில்லை போல.
லூக்கியா தன் செருப்பைக் கழற்றி
பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
அதற்குள் ஈரம் காய்ந்து
அந்த ஜோடி மறைந்துவிட்டது,
இவளுடையது மட்டும் இருந்தது.

காருக்குத் திரும்பியபோது
துணி தளர்ந்து கிடந்தது.
முட்டியில் மடங்கியிருந்தது கால்,
நாற்காலியில் உட்கார்ந்தவன் கால் போல.
அவள் ஒன்றும் பேசவில்லை.
நான் விரட்டினேன்.
வளைவுகளில் டயர் கத்த
திப்கர்பாஸில் நாசிஃபின் மீன்கடைக்கு.
ஐஸ் பெட்டியில் இரண்டு விளைமீனுக்கு நடுவே
கிடத்தினோம்.
"வலதா, இடதா?" என்று மட்டும் கேட்டான் நாசிஃப்.
வலது என்றேன்.
கொஞ்சம் இறுகட்டும், சூடு காட்டி
நிமிர்த்திவிடலாம் என்றான்.

"வேண்டாம்" என்றாள்.
"ஆறு மாதமாக நிமிர்ந்தேதான் கிடக்கிறது.
அவனால் மடக்கத்தான் முடியவில்லை."

நாசிஃப் என்னைப் பார்த்தான்.
ஐஸுக்குக் காசு வாங்கவில்லை,
மீனுக்கு வாங்கினான்.

முனையில் அப்போஸ்தலர் மடம்.
காட்டுக் கழுதைகள் ஜன்னலுக்குள் தலைவிட்டு
என் பிஸ்கட்டை முடித்தன.
உள்ளே மெழுகுதிரி அடுக்குபவர்
மடங்கிய காலை வாங்கி, முகர்ந்து,
மறுபடி முகர்ந்து,
நீளமாய்த் தொங்கும் மற்ற கால்களுக்கிடையே
ஓரமாக உட்கார வைத்தார்.
லூக்கியா ஒரு திரி ஏற்றினாள்.
இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.
யாருக்கு என்று கேட்கத் தோன்றாமல்
ஏற்றினேன்.
கீழே, பாறை இடுக்கில் ஊற்று.
பத்தடி தள்ளிக் கடல் அத்தனை உப்பாய்க் கரிக்க
இது மட்டும் எப்படி இனித்ததோ.
காலி பாட்டிலை நிரப்பிக்கொண்டேன்.

இருட்டிய பிறகு சாவடி. அதே காவலன்.
ஜன்னலில் குனிந்தவன் மூக்கைச் சுளித்தான்.
"மீன் ஏதும் இருக்கிறதா?"
"இல்லை" என்றேன்,
"கால்தான் இருந்தது.
நடந்து போய்விட்டது."
பக்கத்தில் லூக்கியா
வெறுங்காலை இருக்கைமேல் மடக்கி வைத்து
உறங்கிக்கொண்டிருந்தாள்.
அவள் செருப்பு
அந்தத் தரையிலேயே கிடக்கிறது என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.